நாற்பது நிமிடம் யாருக்கு?

ஆன்லைன் கூடைப்பந்து விளையாட்டு ஒன்றின் பயிற்சி விதியும், கம்பம் பள்ளத்தாக்கின் பள்ளிக்கூட கோர்ட்டுகளும்

பையனுக்கு 18 வயது. உயரம் ஆறடி ஐந்து அங்குலம். பாஸ் சுமார், டிரிபிளிங் பரவாயில்லை. கொஞ்சம் தள்ளி நின்று எறிந்தால் பந்து ரிங் பக்கமே போகாது. இந்த வாரம் இவனுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? எந்த இடத்தில் இறக்குவது? தோற்றாலும் போகட்டும் என்று முழு ஆட்டமும் ஆட விடுவதா, இல்லை சீனியரை வைத்து ஜெயித்துக்கொண்டு போவதா?

இந்தப் பையன் நிஜத்தில் கிடையாது. 'பஸ்ஸர்பீட்டர்' என்ற ஆன்லைன் விளையாட்டில் கணினி உருவாக்கித் தருகிற ஆட்டக்காரன். ஆனால் கேள்விகள் நிஜமானவை. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் விசிலோடு கோர்ட்டில் நிற்கிற ஒவ்வொரு பி.டி. வாத்தியாரும் வருஷா வருஷம் இவற்றைச் சந்திக்கிறார். அந்த ஆன்லைன் விளையாட்டு கொடுக்கும் பதிலும் நம் பள்ளிக்கூடங்கள் கொடுக்கும் பதிலும் ஏறக்குறைய எதிரெதிராக இருக்கின்றன. இதில் விளையாட்டின் பக்கமே நியாயம் கூடுதலாக இருக்கிறது என்பது என் எண்ணம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றி. ஸ்வீடனில் 1997-ல் 'ஹாட்ரிக்' என்று ஒன்று வந்தது. கால்பந்து கிளப்பை இணையத்தில் நடத்தும் விளையாட்டு. அதே வழியில் கூடைப்பந்துக்கு வந்தது பஸ்ஸர்பீட்டர், 2007-ல். இதில் நாம் பந்தைத் தொடுவதே இல்லை. ஒரு கிளப் நம் கைக்கு வரும். யாரை வாங்குவது, யாரை விற்பது, டிக்கெட் விலை என்ன, சம்பளத்துக்குக் காசு எங்கிருந்து வரும், எந்த ஐந்து பேர் முதலில் இறங்குவது என்று எல்லாவற்றையும் நாமே முடிவு செய்ய வேண்டும். ஆட்டம் தானாக நடந்து முடியும். இந்தியாவுக்கென்று தனி லீக் இருக்கிறது. தேசிய அணியும் 21 வயதுக்குட்பட்டோர் அணியும் உண்டு. அந்த அணிகளின் மேலாளரை ஆடுகிறவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு சீசனுக்கு 14 வாரம். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. ஒரு பையனை வளர்த்து ஆளாக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இதன் உயிர்நாடி பயிற்சிதான். வாரத்துக்கு ஒரே ஒரு திறமையைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ரீபவுண்ட் என்றால் ரீபவுண்ட் மட்டும், ஜம்ப் ஷாட் என்றால் ஜம்ப் ஷாட் மட்டும். அந்தப் பயிற்சியும் எல்லோருக்கும் போய்ச் சேராது. பந்தைக் கையாளும் பயிற்சி கொடுத்தால், அந்த வாரம் பாயிண்ட் கார்டாக ஆடியவனுக்குத்தான் பலன். ரீபவுண்ட் என்றால் ரிங்குக்கு அடியில் நின்ற சென்டருக்கும் பவர் ஃபார்வர்டுக்கும். அதிலும் முழுப்பலன் வேண்டுமானால் அந்த இடத்தில் வாரத்துக்கு 48 நிமிடம் கோர்ட்டில் நின்றிருக்க வேண்டும். குறைந்தால் பலனும் குறையும். பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு ஒன்றுமே இல்லை.

48 நிமிடம் என்பது அந்த விளையாட்டில் ஒரு முழு ஆட்டம். வாரத்தில் வழக்கமாக மூன்று ஆட்டம். ஆக, ஒரே இடத்தை வைத்துப் பயிற்சி கொடுப்பவர் வாரத்துக்கு மூன்று பேரைத்தான் முழுசாக வளர்க்க முடியும். அந்த மூன்று பேரும் 18, 19 வயது விடலைகள். லீக் ஆட்டத்தில் எதிரே நிற்பவன் 27 வயது சீனியர். பையன் பந்தைப் பறிகொடுப்பான், ஷாட்டைத் தவறவிடுவான், அணி தோற்கும். அது தெரிந்தேதான் இறக்குகிறார்கள். இரண்டு சீசன் கழித்து அந்தப் பையன் லீக்கையே கலக்குவான் என்பதால் இன்றைய தோல்வியைத் தாங்கிக்கொள்கிறார்கள். இளையவர்களை வளர்ப்பதில் பெயர் வாங்கிய மேலாளர்கள் எல்லோரும் இந்த விலையைக் கொடுத்தவர்கள்.

இதை எழுதிய நிரலர்களுக்கு விளையாட்டின் ஓர் அடிப்படை உண்மை பிடிபட்டிருக்கிறது. ஆட்டக்காரன் ஆடித்தான் வளர்வான். பயிற்சியில் கற்றதை எதிராளி முன்னால், விசில் சத்தத்துக்கு நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டு செய்து பார்க்கும்போதுதான் அது அவனுக்குச் சொந்தமாகிறது.

இருநூறு நிமிடக் கணக்கு

இப்போது நம் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். சர்வதேச விதிப்படி கூடைப்பந்து ஆட்டம் 40 நிமிடம், பத்து பத்து நிமிடமாக நான்கு கால்பகுதிகள். ஒரு நேரத்தில் ஐந்து பேர் கோர்ட்டில். ஐந்தை நாற்பதால் பெருக்கினால் 200 நிமிடம். ஓர் ஆட்டத்தில் ஒரு வாத்தியார் தன் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க முடிந்த மொத்தச் சொத்து இந்த 200 நிமிடம்தான். அணியில் 12 பேர். சமமாகப் பிரித்தால் ஆளுக்குப் பதினாறு நிமிடம் நாற்பது நொடி.

நடப்பது என்ன? ஏழு பேர் ஆடுவார்கள். மீதி ஐந்து பேர் பனியன் போட்டுக்கொண்டு, ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டைம்-அவுட்டில் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பார்கள். ஜெயித்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார்கள். நம் பக்கத்துப் பள்ளி ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த உரையாடல் பழக்கமானதுதான்.

"சார், நான் எறங்கட்டுமா சார்?"

"இருப்பா. லீடு கொஞ்சம் ஏறட்டும்."

லீடு ஏறினால், "இப்ப மாத்துனா ரிதம் கெட்டுப்போகும்." லீடு இறங்கினால், "இப்பப் போயி எப்படிப்பா?" இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கிறது.

வாத்தியாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. போட்டி நடக்கும் முறையே அவரை அப்படிச் செய்ய வைக்கிறது. குறுவட்டம், அதில் ஜெயித்தால் மாவட்டம், அதிலும் ஜெயித்தால் மாநிலம் என்று ஏணி போகிறது. பெரும்பாலும் நாக்-அவுட். ஒரே ஓர் ஆட்டம் தோற்றால் அந்த வருஷம் முடிந்தது. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து காலையும் மாலையும் ஓடியவனுக்கு, ஒரு நாள் காலை பத்து மணிக்குத் தொடங்கி பதினொன்றரைக்குள் மொத்த வருஷமும் போய்விடும். இந்த நிலையில் எந்த வாத்தியார் சுமாராக ஆடுகிற பையனை இறக்குவார்? தலைமையாசிரியர் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் கோப்பையைக் கேட்பார். பெற்றோர் சான்றிதழைக் கேட்பார்கள். கல்லூரி இடத்துக்கும் அரசு வேலைக்கும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிற மாநிலத்தில் அந்தச் சான்றிதழின் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்பதில் தப்பும் இல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பஸ்ஸர்பீட்டரில் ஒரு விடலை ஒரு சீசனில் பெறும் பயிற்சி நிமிடம், வாரத்துக்கு 48 வீதம் 14 வாரத்துக்கு 672. முதல் சுற்றில் தோற்ற பள்ளியின் எட்டாவது ஆட்டக்காரனுக்கு அந்த வருஷம் முழுவதற்கும் கிடைத்தது நான்கைந்து நிமிடமாக இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம். அடுத்த வருஷம் சீனியர்கள் பிளஸ் டூ முடித்துப் போனதும் இவனைத்தான் முதல் ஐந்தில் நிறுத்துவார்கள். அப்போது தடுமாறினால், "இவன் மேட்ச்சுல சொதப்புறான்" என்று பெயர் வந்துவிடும். மேட்ச் ஆடவே விடாமல் வைத்திருந்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

கம்பத்தில் பன்னீர் திராட்சை போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கன்று நட்டு, கம்பு ஊன்றி, கொடியைப் பந்தலுக்கு ஏற்றிப் பரப்பி, கவாத்து வெட்டி, முதல் மகசூல் பார்க்க ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். அதுவரை செலவு மட்டும்தான். அதற்காக எந்தச் சம்சாரியும் கொடியைப் பிடுங்கிப் போடுவதில்லை. தோட்டத்தில் இவ்வளவு பொறுமை காட்டும் ஊர், கோர்ட்டில் ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு ஒரு கால்பகுதி நேரம் காத்திருக்க மறுக்கிறது.

பெரியகுளத்து மே மாதம்

இந்த வட்டாரத்துக்குக் கூடைப்பந்து புதிதில்லை. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய ஆட்டம் இது. அதே ஒய்.எம்.சி.ஏ.வின் ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். அங்கே படித்தவர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேர, ஆட்டமும் அவர்களோடு ஊர் ஊராகப் போனது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950-ல் உருவானது.

தேனி மாவட்டத்தில் கூடைப்பந்தின் தலைநகர் பெரியகுளம். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துகிற பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி அறுபது ஆண்டுகளைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறது. மே மாதம், மின்னொளியில். சென்னை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ராணுவம், கடற்படை, கேரள மின்வாரியம் என்று நாட்டின் பெரிய அணிகள் வந்து ஆடிய களம் இது. பெருநகரங்களுக்கே வாய்க்காத பாக்கியம் ஒரு தாலுகா தலைநகருக்குக் கிடைத்திருக்கிறது.

கம்பத்திலிருந்து உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி வழியாகப் பெரியகுளம் போக ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலை நோக்கி ஊரே திரள்கிற அதே கோடையில், கூடைப்பந்துப் பைத்தியங்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பெரியகுளம் வரை போவார்கள். இந்திய அணிக்கு ஆடியவர் பத்தடி தூரத்தில் எகிறுவதைப் பார்த்த பையன், அடுத்த நாள் காலை தன் ஊர் கோர்ட்டில் அதையே செய்து பார்ப்பான். வலது காலா இடது காலா என்று தடுமாறுவான். பத்தாவது முறை சரியாக வரும். நல்ல ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் பயிற்சிதான். இந்த ஒன்று பஸ்ஸர்பீட்டர் விதியில் இல்லை. அந்த விளையாட்டின் குறை என்று இதை முதலில் சொல்வேன்.

பெரியகுளம் கொடுப்பதை நம் பள்ளிகள் கோடைக்குப் பிறகு எடுத்துக்கொள்ளாமல் விடுகின்றன என்பதே என் வருத்தம். மே மாதம் மூட்டிய ஆசை, ஆடியில் ஒரு நாக்-அவுட்டோடு அணைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் காற்றும் சேர்ந்துகொள்ளும். தென்மேற்குப் பருவத்தில் மலை இடைவெளி வழியாகப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிற காற்றை இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திறந்தவெளி கோர்ட்டில் 6.75 மீட்டர் தூரத்து மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறிந்த பந்து, ரிங்குக்கு வரும்போது ஒரு முழம் விலகியிருக்கும். காற்றில் பழகிய பிள்ளைகள் தூரத்து ஷாட்டை நம்புவதில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே புகுந்து லே-அப் போடுவார்கள். உள்ளே புகும் துணிச்சல் நல்லதுதான். ஆனால் கூரை போட்ட அரங்கத்தில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகும்போது எதிரணி தூரத்திலிருந்தே எறிந்து எறிந்து புள்ளி எடுக்கும். அதற்கு இவர்களிடம் பதில் இருக்காது.

உயரமானவனை எங்கே நிறுத்துவது?

பஸ்ஸர்பீட்டரில் உயரத்துக்குத் தனிக் கணக்கு. ஏழடிக்காரனுக்கு ரீபவுண்டும் உள்புற ஷாட்டும் வேகமாக ஏறும். டிரிபிளிங் மெதுவாகத்தான் ஏறும். குள்ளமானவனுக்கு நேர்மாறு. அதனால் புதிதாக ஆட வருகிறவர் நெட்டையனைப் பிடித்துச் சென்டராகவே வளர்ப்பார். அனுபவசாலி அப்படிச் செய்ய மாட்டார். அந்த நெட்டையனைக் கொஞ்ச வாரம் பாயிண்ட் கார்டாக இறக்கி, தோற்று, பந்தைக் கையாளக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு ரிங்குக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்துவார். ஒரே திறமை மட்டும் ஏறியவன் சம்பளத்தை விழுங்குவானே தவிர ஆட்டத்தை ஜெயித்துக் கொடுக்க மாட்டான்.

நம் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலேயே முடிவு கட்டிவிடுகிறோம். வரிசையில் கடைசியில் நிற்கிற உயரமான பையனா? "நீ போஸ்ட்டுக்குக் கீழ நில்லு. பந்து வந்தா பிடிச்சு அவன்கிட்ட குடு. நீ தட்டாத." அவ்வளவுதான் அவன் பாடம். பதினைந்து வயதில் மற்றவர்கள் எட்டிப் பிடித்த பிறகு அவனிடம் உயரமும் இல்லை, கைப்பழக்கமும் இல்லை. கணினி விளையாட்டில் ஆட்டக்காரனின் உயரம் மாறாது. நிஜத்தில் மாறும். பையன்களுக்குப் பெரும்பாலும் 13, 14 வயதில் வளர்த்தி திடீரென்று பாயும். பெண்பிள்ளைகளுக்கு அதற்கு ஓரிரு வருஷம் முன்னால். சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்குத் தாமதமாக வரும். யாருக்கு எப்போது என்று எந்த வாத்தியாராலும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஆந்தனி டேவிஸ் பள்ளியில் சேர்ந்தபோது சுமார் ஆறடி இரண்டு அங்குலம்; கார்டாக ஆடினார். பள்ளிக் காலத்துக்குள்ளேயே எட்டு அங்குலம் வளர்ந்தார். கார்டாக இருந்தபோது கற்ற பந்துப் பழக்கமும் கூடவே வந்தது. 2012-ல் என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். 'நீ குள்ளன், நீ நெட்டை' என்று சின்ன வயதிலேயே எல்லை கட்டியிருந்தால் இந்த இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருக்காது.

வளர்த்தி பாயும் அந்த வயதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் உச்சியில் சின்னதாகப் புடைத்துக்கொண்டு, தொட்டாலே பையன் கத்துவான். எலும்பு வேகமாக நீள்கிறது. தசைநார் அதன் நுனியைப் பிடித்து இழுக்கிறது. கீழே சிமென்ட் தரை. குதித்துக் குதித்து இறங்கினால் வலி கூடும். மருத்துவர்கள் இதை ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். பயப்படுகிற நோய் இல்லை, வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் தானே சரியாகும். ஆனால் அந்த மாதங்களில் குதிப்பதைக் குறைத்து, பாஸையும் ஃப்ரீ த்ரோவையும் பழக விட வேண்டும். "நடிக்கிறான்" என்று ரவுண்டு ஓட விடக் கூடாது.

என்.பி.ஏ.வும் அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பும் சேர்ந்து 2016-ல் இளையோருக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டன. பதினான்கு வயது வரைக்கும் பிள்ளைகளை ஒரே விளையாட்டில் கட்டிப்போட வேண்டாம் என்பது அதில் முக்கியமானது. கபடியும் வாலிபாலும் ஆடுகிற நம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் அந்த விஷயத்தில் இயல்பாகவே சரியாக இருக்கிறார்கள். அவர்களை அப்படியே விட்டால் போதும். அடுத்து, பந்தும் வளையமும். பெரியவர்களுக்கு ரிங் 3.05 மீட்டர் உயரம், ஆண்களுக்கு ஏழாம் எண் பந்து. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான மினி கூடைப்பந்தில் ரிங் 2.60 மீட்டர், ஐந்தாம் எண் பந்து. நம் ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் பெரிய பந்துதான், பெரிய ரிங்தான். எட்டவில்லை என்பதற்காக இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் வீசப் பழகுவான். அந்தக் கோணல் கையோடு ஒட்டிக்கொண்டால் பதினெட்டு வயதிலும் போகாது. ஸ்பெயினில் மினி கூடைப்பந்தில் ஒவ்வொரு குழந்தையும் சில கால்பகுதிகளாவது ஆடியே தீர வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். வாத்தியாரின் நல்ல மனசை நம்பி விடவில்லை. நமக்கும் அப்படி ஒரு விதிதான் வேண்டும்.

பதினெட்டில் தொடங்குவதும் பதினெட்டில் முடிவதும்

பஸ்ஸர்பீட்டரில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு சின்ன விஷயம். அங்கே ஆட்டக்காரனின் வாழ்க்கை தொடங்குவதே 18, 19 வயதில். கம்பம் பள்ளத்தாக்கில் பெரும்பாலான பிள்ளைகளின் கூடைப்பந்து வாழ்க்கை முடிவது அதே 18-ல். பிளஸ் டூ கடைசித் தேர்வோடு ஷூ பரணுக்குப் போகும். திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று வேலைக்கோ படிப்புக்கோ கிளம்பினால், அங்கே கோர்ட் தேடிப் போக நேரமும் இருக்காது, தெரிந்த முகமும் இருக்காது. மிகச் சிலரை மட்டும் கல்லூரி அணிகளும் பிறகு வங்கி, ரயில்வே, காவல்துறை அணிகளும் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு வித்தியாசம். அந்த விளையாட்டில் ஒவ்வொரு பையனுக்கும் இவ்வளவுதான் வளருவான் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. அது மேலாளருக்குத் தெரியும். 'வர்ணனையாளர் ஆகத்தான் லாயக்கு' என்பதிலிருந்து 'எக்காலத்துக்கும் மகத்தானவன்' வரை ஒரு சொல்லாக எழுதியே கொடுத்துவிடுகிறார்கள். நிஜத்தில் யார் நெற்றியிலும் எதுவும் எழுதியில்லை. இருந்தும் நாம் எழுதியிருப்பதுபோலவே நடந்துகொள்கிறோம். ஏழாம் வகுப்பில் ஒரு தரம் பார்த்துவிட்டு, "இவன் தேற மாட்டான்" என்கிறோம்.

1978-ல் அமெரிக்காவின் வில்மிங்டன் நகரில் லேனி உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை. அவனைவிட உயரமான இன்னொரு பையனை எடுத்தார்கள். இடம் கிடைக்காதவன் மைக்கேல் ஜோர்டான். இந்தக் கதையை எல்லோரும் விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அதில் விடுபடும் பகுதிதான் எனக்கு முக்கியம். அந்தப் பள்ளியில் ஜூனியர் அணி என்று தனியாக ஒன்று இருந்தது. அதற்கும் முறையான ஆட்டங்கள் இருந்தன. முதல் அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டிய வருஷத்தை அவர் ஜூனியர் அணியில் முழுக்க முழுக்க ஆடிக் கழித்தார். அதே பையன் நம் பள்ளியில் இருந்திருந்தால் இரண்டாவது அணியே இருந்திருக்காது. மாலை ஆறு மணிக்கு பந்தைச் சாக்கில் போட்டுக் கட்டி உடற்கல்வி அறையில் வைக்கிற வேலைதான் கிடைத்திருக்கும்.

இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்ட முதல் ஆள் சத்னாம் சிங். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன். ஏழடி இரண்டு அங்குலம். லூதியானா கூடைப்பந்து அகாதமியில் பயிற்சியாளர் சங்கரன் சுப்பிரமணியனிடம் பழகி, 2010-ல் ஃபுளோரிடாவில் உள்ள ஐ.எம்.ஜி. அகாதமிக்கு உதவித்தொகையில் போனார். 2015-ல் டல்லாஸ் அணி 52-வது ஆளாக எடுத்தது. நாடே கொண்டாடியது. அதன் பிறகு என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆட வாய்ப்பு வரவில்லை. கீழ்நிலை லீக்கில் கிடைத்ததும் கொஞ்ச நிமிடங்கள்தான். இப்போது அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்தத்தில் இருக்கிறார். அவர் பயணத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், அந்தக் கிராமத்திலிருந்து அவ்வளவு தூரம் போனது பெரிய காரியம். ஆனால் தினமும் கடுமையான எதிராளிகளோடு மோதி வளர வேண்டிய வயதில், சொந்த நாட்டில் அதற்கான தொடர் ஆட்டங்களே இல்லாமல் ஒரு பையன் வளர்ந்தான் என்பதும் அந்தக் கதையில் இருக்கிறது.

பெண்பிள்ளைகள் கதை இன்னும் சுருக்கமாக முடிந்துவிடுகிறது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணியின் கேப்டன் ஆனார். ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் ஆடினார். தாயான பிறகும் அணிக்குத் திரும்பி வந்தார். 2021-ல் பத்மஸ்ரீ. இப்படி ஒருவரைத் தந்த மாநிலத்தில், எட்டாம் வகுப்பில் நன்றாக ஆடிய பெண் பத்தாம் வகுப்பில் கோர்ட்டில் இருப்பதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் விளக்கு இல்லை. கூட வர ஆசிரியை இல்லை. வெளியூர்ப் போட்டி என்றால் வீட்டில் யோசிக்கிறார்கள். ஆட்டத்தில் அவளுக்கு என்ன குறை என்று யாரும் கேட்டதே இல்லை. குறை அங்கே இல்லவும் இல்லை. பஸ் நேரம், விளக்கு, உடை மாற்ற ஓர் அறை. இவ்வளவுதான் இடையில் நிற்கிறது.

நான்கு ஊர், ஒரே சாலை

அரசும் சங்கங்களும் பெரிதாக ஏதாவது செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர். நான்கும் ஒரே சாலையில் இருக்கின்றன. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஊருக்கு ஒரு பள்ளி அணி வைத்து, நாக்-அவுட் இல்லாமல், உள்ளூரில் ஒரு தரம் வெளியூரில் ஒரு தரம் என்று ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் மோதினால் மொத்தம் 12 ஆட்டம். சனிக்கிழமைக்கு இரண்டு ஆட்டம் வைத்தால் ஆறு வாரத்தில் முடியும். ஓர் அணிக்கு ஆறு ஆட்டம், 1,200 நிமிடம். 12 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 100 நிமிடம். எல்லோரும் குறைந்தது ஒரு கால்பகுதி முழுசாக ஆட வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால், வாத்தியார் மேல் பழி வராது. எதிரணியும் அதே விதியில் ஆடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. காற்று ஓய்ந்து, ஆயுத பூஜை விடுமுறையும் முடிந்த பிறகு தொடங்கலாம். இடையில் வடகிழக்கு மழை ஒரு வாரம் இழுத்தடித்தாலும் பரவாயில்லை. விசில் ஊத உத்தமபாளையம் ஹவுதியா கல்லூரி மாணவர்களையும், வேலைக்குப் போய்விட்டு ஊருக்கு வந்து செல்லும் பழைய ஆட்டக்காரர்களையும் கேட்டுப் பார்க்கலாம். அண்ணன்மார்கள் கோர்ட்டுக்குத் திரும்ப இதுவும் ஒரு வழி.

அதுவும் முடியாத ஊரில் 3x3 இருக்கிறது. டோக்கியோவிலிருந்து ஒலிம்பிக்கில் இடம்பெற்ற ஆட்டம். அரை கோர்ட், ஒரு ரிங், அணிக்கு நான்கு பேர், மூன்று பேர் உள்ளே, பத்து நிமிடம் அல்லது யார் முதலில் 21 புள்ளி. ஒரு முழு கோர்ட்டில் இரண்டு பக்கமும் வைத்தால், ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, இரண்டு மணி நேரத்தில் 16 ஆட்டம் நடத்தலாம். எட்டு அணி, 32 பிள்ளைகள், ஒவ்வோர் அணிக்கும் நான்கு ஆட்டம். ஒரே மாலையில் ஆளுக்கு அரை மணி நேரம் எதிராளியோடு மோதியிருப்பார்கள். ஆடுகிற அணியில் வெளியே உட்காருகிறவன் எப்போதும் ஒருவன்தான், அவனும் அடுத்த பந்துக்கு உள்ளே வந்துவிடுவான். பந்து இரண்டு போதும். ஸ்கோர் எழுத ஒரு நோட்டு வேண்டும். அதில் புள்ளிக்குப் பக்கத்தில், யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று இன்னொரு கட்டமும் போட்டுக்கொள்ள வேண்டும்.